முகமூடிக் கடிதமா, வெள்ளிக் குண்டா?

1777, அமெரிக்கப் புரட்சிப் போர். ஆங்கிலேயத் தளபதி ஹென்றி கிளின்டன் நியூயார்க்கில் இருக்கிறார். இன்னொரு ஆங்கிலேயத் தளபதியான பர்கோயின் கனடாவிலிருந்து படையோடு தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் முழுக்க எதிரியின் காவல். சேதி அனுப்ப கிளின்டன் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டார்.

ஆகஸ்டில் முகமூடிக் கடிதம். மணற்கடிகார வடிவில் வெட்டிய தாளை மேலே வைத்தால்தான் உண்மைச் சேதி தெரியும். முழுத்தாளைப் படித்தால், ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜெனரல் ஹோவின் நகர்வு பிரமாதம், எதிரித் தளபதி வாஷிங்டனுடையதுதான் படுமோசம். முகமூடியை வைத்தால் படுமோசமானது ஹோவின் நகர்வே! பெரும்படையோடு செசபீக் விரிகுடாவுக்குப் போய்விட்டார், என்னிடம் ஆள் குறைவு என்ற புலம்பலும் உள்ளே இருக்கிறது. கடிதம் ஒருவர் கையில், முகமூடி இன்னொருவர் கையில். ஒன்று சிக்கினாலும் குடி முழுகாது. ஆனால் இப்படி எழுத எவ்வளவு பொறுமை வேண்டும்!

அக்டோபரில் வெள்ளிக் குண்டு. திருகித் திறக்கும் சின்னக் கூடு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. வேகமான வழிதான். தூதர் டேனியல் டெய்லர் பிடிபட்டதும் அதை விழுங்கினார். வாந்தி மருந்து கொடுத்தார்கள்; வெளியே வந்தது. எடுத்து மறுபடியும் விழுங்கினார். வயிற்றைக் கிழிப்போம் என்ற மிரட்டலுக்குப் பிறகே வழிக்கு வந்தார். சீட்டில் சங்கேதம் எதுவுமில்லை, வெறும் எழுத்து. தூக்கிலிட்டார்கள்.

என் ஓட்டு முகமூடிக்கே. ஆனால், 'துணைக்கு வர ஆளில்லை' என்பதை எதில் வைத்து அனுப்பினால் என்ன? அக்டோபர் 17 அன்று சரடோகாவில் பர்கோயின் சரணடைந்தார்.