ஹெலன் கெல்லர் குவார்ட்டரா, லூயி பிரெயில் வெள்ளி டாலரா?

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயில் உள்ள அமெரிக்க நாணயங்களில் எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு.

விலை: பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் இருக்கும் 2003 அலபாமா மாநிலக் குவார்ட்டர் கோடிக்கணக்கில் அச்சான 25 சென்ட், மலிவு.
பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலின் 2009 டாலர் 90 சதவீத வெள்ளி, 26.73 கிராம், வெள்ளி விலையோடு ஏறும், இறங்கும்.

தொட்டுப் படிக்க: குவார்ட்டரில் கெல்லர் பெயர் பிரெயிலில் உண்டு. ஆனால் புள்ளிகள் பொடிப்பொடி, விரலுக்குப் பிடிபடாது.
டாலரில் விரலால் வாசிக்கும் அளவிலேயே இருக்கின்றன. கீழே ஒரு குழந்தை புத்தகத்தைத் தடவிப் படிக்கிறது.

பராமரிப்பு: குவார்ட்டருக்குக் கவலையே இல்லை. வெள்ளி கறுக்கும் என்று டாலரைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பூட்டுகிறோம். அப்புறம் புள்ளிகளை யார் தொடுவது?

பிள்ளைகளின் சேகரிப்புக்குக் குவார்ட்டர் போதும். பார்வையற்ற நண்பருக்குப் பரிசென்றால் டாலர்தான், கூட்டைத் திறந்து கையில் கொடுங்கள்.