நெட்லிஸ்ட்டிடம் நேரடியாகக் கேட்பது: கேலேஅவுட் எல்விஎஸ் ஸ்கிரிப்டிங், சில ஆண்டு அனுபவம்

எல்விஎஸ் (சிப்பின் லேஅவுட் வரைபடத்தை, ஸ்கீமேட்டிக் எனும் சுற்று வரைபடத்தோடு ஒப்பிடும் சோதனை) ஓடி முடிந்ததும் திரையில் பச்சை வந்தால் போதும் என்று நினைக்கும் லேஅவுட் இன்ஜினியர்களோடு பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். லேஅவுட்டும் ஸ்கீமேட்டிக்கும் ஒன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் அந்தப் பச்சை சொல்கிறது. ஸ்கீமேட்டிக்கிலேயே கோளாறு இருந்தால் அதே கோளாறு சிலிக்கானிலும் அச்சு மாறாமல் வந்து சேரும். இதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், கருவி கண்டுபிடித்து வைத்திருக்கும் நெட் (மின்சாரத்தால் ஒன்றாக இணைந்த கம்பி), டிவைஸ் (டிரான்சிஸ்டர் போன்ற உறுப்பு), பின் (வெளி இணைப்பு முனை) எல்லாவற்றையும் நாமே தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். அந்த வழியை எனக்கு முழுதாகத் திறந்து காட்டியது கேலேஅவுட். பல டேப்-அவுட்களில் (சிப் வடிவமைப்பை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்புவது) அதை நம்பி வேலை செய்த பிறகு இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மத்தியாஸ் கோஃபர்லைன் என்ற ஜெர்மானியர் உருவாக்கி இன்றும் பராமரித்து வரும் இலவசத் திறமூல மென்பொருள் இது. முதலில் லேஅவுட் பார்க்கும், திருத்தும் கருவியாகத்தான் பெயர் பெற்றது. 2019-இல் வந்த 0.26 பதிப்பில் நெட்லிஸ்ட் (எந்த உறுப்பு எதோடு இணைந்திருக்கிறது என்ற விவரம்) எடுப்பதும் எல்விஎஸ்ஸும் சேர்ந்தன. உள்ளேயே ரூபி, பைத்தான் இரண்டும் ஓடும். திரையே வேண்டாம் என்றால் பைத்தான் தொகுப்பாக மட்டும் நிறுவிக்கொள்ளலாம். சர்வரில் இரவு ஓட்டங்களுக்கு நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஃபவுண்ட்ரி (சிப் தயாரிக்கும் ஆலை) ஏற்கும் இறுதிச் சோதனையான சைன்-ஆஃப் என்று வந்தால் கேலிபர், பெகாசஸ், ஐசி வேலிடேட்டர் போன்ற வணிகக் கருவிகள்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேலிபரில் டிக்கிள் மொழியில் கேள்வி கேட்க குவெரி சர்வர் இருக்கிறது, அது முதிர்ந்த கருவி. ஆனால் லைசென்ஸ் பகிர்ந்து ஓட்டும் சின்னக் குழுவில், காலையில் தோன்றிய சந்தேகத்தைக் காலையிலேயே தீர்த்துக்கொள்ள ஆளாளுக்கு ஒரு கருவி வேண்டும். ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் பிடிகே (ஃபவுண்ட்ரி தரும் வடிவமைப்புக் கோப்புத் தொகுப்பு) 2020-லும், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 180 நானோமீட்டர் பிடிகே 2022-லும் திறமூலமாக வந்த பிறகு, கல்லூரி முடித்து கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் இங்கே வரும் பிள்ளைகள் வீட்டு லேப்டாப்பிலேயே முழு எல்விஎஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நெட்லிஸ்ட் என்றால் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

ஏனென்றால் இங்கே நெட்லிஸ்ட் உயிருள்ள ஒரு கட்டமைப்பு. நெட்லிஸ்ட்டுக்குள் சர்க்யூட்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்குள்ளும் நெட்கள், டிவைஸ்கள், பின்கள், பிற சர்க்யூட்களை அழைக்கும் சப்சர்க்யூட்கள். ஒரு நெட்டைப் பிடித்தால், அது தொடும் டிவைஸ் டெர்மினல்கள், வெளியே போகும் பின்கள், உள்ளே இறங்கும் சப்சர்க்யூட் பின்கள் என்று மூன்று பட்டியல் கிடைக்கும். டிவைஸைப் பிடித்தால் அதன் கிளாஸ் (வகை) பெயர், டபிள்யூ (அகலம்), எல் (நீளம்), ஒவ்வொரு டெர்மினலிலும் இருக்கும் நெட். டபிள்யூவும் எல்லும் மைக்ரானில் வரும், மீட்டரில் அல்ல. ஸ்பைஸ் (சர்க்யூட் சிமுலேஷனுக்கான எழுத்து வடிவம்) பழக்கத்தில் எழுதுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இவ்வளவு ஒழுங்காக வடிவமைத்த பொருள் மாதிரியை நான் இந்தத் துறையில் அதிகம் பார்த்ததில்லை.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே 'நெட்' என்பது ஒரு சர்க்யூட்டுக்குள் மட்டும் வாழ்வது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள் இருக்கும் குழாயை மட்டும் பார்த்து, தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து வருகிறதா போர்வெல்லிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்குள் இருக்கும் 'ஏ' என்ற நெட், அந்த இன்வெர்ட்டர் அழைக்கப்படும் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு வெளி நெட்டோடு சேர்ந்திருக்கும். கீழே இறங்க வேண்டுமா? நெட்டின் சப்சர்க்யூட் பின்களை எடுத்து, அந்தச் சப்சர்க்யூட் எந்தச் சர்க்யூட்டைக் குறிக்கிறதோ அதில் அதே பின்னுக்குரிய நெட்டைக் கேட்க வேண்டும். மேலே ஏற வேண்டுமா? நெட்டின் வெளிப்பின்னை எடுத்து, இந்தச் சர்க்யூட்டை யார் யார் அழைக்கிறார்கள் என்ற பட்டியலில் நடந்து, அங்கே அந்தப் பின்னில் உள்ள நெட்டைக் கேட்க வேண்டும். சப்சர்க்யூட்டிடம் 'சர்க்யூட்' என்று கேட்டால் அது குடியிருக்கும் சர்க்யூட் வரும். 'சர்க்யூட் ரெஃப்' என்று கேட்டால்தான் அது குறிக்கும் சர்க்யூட் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாது, தவறான பதிலை மட்டும் அமைதியாகக் கொடுக்கும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே இந்த ஏறி இறங்கும் ஃபங்ஷனைக் கையால் எழுத வைக்கிறேன். அதை எழுதியவர்களுக்கு ஹயரார்க்கி (சர்க்யூட்டுக்குள் சர்க்யூட் என்ற அடுக்கு) பிறகு எப்போதும் புரிகிறது.

முழு நெட்லிஸ்ட்டையும் தட்டையாக்கிவிட்டால் (அடுக்குகளைக் கலைத்து ஒரே சர்க்யூட்டாக்கிவிட்டால்) இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பார்கள். நெட்லிஸ்ட்டுக்கு ஒரு பிரதி எடுத்து அதைத் தட்டையாக்கலாம், சின்ன பிளாக்குக்கு அது வசதி. ஆனால் பிரதியிலிருந்து லேஅவுட் உருவங்களுக்குத் திரும்பிப் போகும் வழியை நான் நம்புவதில்லை. கண்டுபிடித்த பிழையைத் திரையில் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் லேஅவுட் போடுகிறவருக்கு அதனால் என்ன பயன்?

எங்களுக்கு இது உண்மையில் கைகொடுத்த இடம் 180 நானோமீட்டர் வேலை ஒன்று. அந்த பிடிகேயில் 3.3 வோல்ட் டிரான்சிஸ்டரும் 6 வோல்ட் டிரான்சிஸ்டரும் உண்டு. டிவைஸ் கிளாஸ் பெயரிலேயே வோல்டேஜ் எழுதியிருக்கும். 5 வோல்ட் சப்ளை உள்ள பிளாக் ஒன்றில் எல்விஎஸ் சுத்தமாக முடிந்துவிட்டது. குழுவில் இருக்கும் திருநெல்வேலிப் பையன், "அண்ணா, மேட்ச் ஆயிடுச்சு. ஆனா 5 வோல்ட் நெட்ல 3.3 டிவைஸ் எதுவும் தொங்கலன்னு எப்படிச் சொல்றது?" என்றான். சரியான கேள்வி. அன்று மதியமே உட்கார்ந்து எழுதினோம். 5 வோல்ட் சப்ளை நெட்டிலிருந்து தொடங்கி ஹயரார்க்கி முழுக்க நடந்து, வழியில் தொடும் ஒவ்வொரு டிவைஸின் கிளாஸ் பெயரைப் பார்க்க வேண்டும். இது முதல் படி. சோர்ஸ் முனை 5 வோல்ட்டில் இருக்கும் பிமாஸ் வகை டிரான்சிஸ்டர் எந்த நெட்டை ஓட்டுகிறதோ, அந்த நெட்டும் 5 வோல்ட் வரை ஏறும், அங்கே 3.3 வோல்ட் டிரான்சிஸ்டரின் கேட் இருந்தால் ஆக்சைடுக்கு ஆபத்து. இது இரண்டாம் படி. இரண்டாம் படியில்தான் சிக்கியது: லெவல் ஷிஃப்டருக்கு (சிக்னலின் வோல்டேஜ் நிலையை மாற்றும் சர்க்யூட்) பக்கத்தில் ஒரு பஃபர், ஸ்கீமேட்டிக்கிலேயே தவறான வகை. லேஅவுட் அதை விசுவாசமாக வரைந்திருந்தது, எல்விஎஸ்ஸும் விசுவாசமாக ஒப்புக்கொண்டிருந்தது. சிமுலேஷனில் இது தானாகக் கண்ணில் படாது, டிரான்சிஸ்டர் மாடல் எரிந்து காட்டாதே.

இதற்குப் பிறகு நாங்கள் எழுதிய சோதனைகள் பெருகின. எல்லாவற்றையும் அடுக்க மாட்டேன். எனக்குப் பிடித்த ஒன்று டிஃபரென்ஷியல் ஜோடி. இன்புட் பிளஸ், இன்புட் மைனஸ் இரண்டு நெட்டையும் எடுத்து, ஒவ்வொரு மெட்டல் லேயரிலும் அந்த நெட்டின் உருவங்களைக் கேட்டால் அவை ரீஜனாக (உருவங்களின் தொகுப்பாக) திரும்பி வரும், பரப்பளவை ஒப்பிட்டுவிடலாம். பாராசிட்டிக் எடுப்புக்கு (கம்பிகளின் வேண்டாத ரெசிஸ்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸைக் கணக்கிடுவது) இது மாற்றாகாது. ஆனால் ஒரு பக்கம் மெட்டல் 3-இல் சுற்றிப் போய், மறுபக்கம் நேராகப் போயிருப்பதை நொடியில் காட்டிவிடும். எல்விஎஸ் முடிவைச் சேமித்த டேட்டாபேஸிலிருந்து இதைச் செய்ய லேயரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்விஎஸ் ஸ்கிரிப்ட்டில் லேயர்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் பிறகு எந்த எண் எந்த மெட்டல் என்று தேட வேண்டியிருக்கும். வைத்துவிடுங்கள்.

நெட் பெயர்கள் தனிக் கதை. லேபிள் இல்லாத நெட்டுக்குப் பெயர் காலியாக வரும். விரிவான பெயர் கேட்டால் டாலர் குறியோடு ஒரு எண் தரும். ஒரே நெட்டில் இரண்டு லேபிள் விழுந்தால் இரண்டையும் கமா போட்டுச் சேர்த்துவிடும். எங்களுக்கு அந்தக் கமா பெரிய உதவி: பவர், கிரவுண்ட் இரண்டும் ஒரே பெயரில் கமாவோடு வந்தால் அது ஷார்ட். முழு ஒப்பீடு ஓடுவதற்கு முன்பே கமா உள்ள நெட் பெயர்களை அச்சிடும் சில வரிகளை எல்லா ஸ்கிரிப்ட்டிலும் வைத்திருக்கிறோம். ஸ்பைஸ் பக்கம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இயல்பாகப் பார்க்கப்படுவதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பெயர்களை ஒப்பிட வேண்டும்.

வரிசை மிக முக்கியம், இதை அழுத்திச் சொல்கிறேன். 'சிம்ப்ளிஃபை' என்று ஒரே கட்டளையில் பல வேலை நடக்கும்: டாப் லெவல் பின்கள் உருவாகும், வெறும் சர்க்யூட்கள் போகும், இணையாக இருக்கும் டிரான்சிஸ்டர் ஃபிங்கர்கள் (ஒரே டிரான்சிஸ்டரைப் பிரித்து வரைந்த துண்டுகள்) ஒன்றாகி டபிள்யூ கூட்டப்படும், தொடராக இருக்கும் ரெசிஸ்டர்கள் ஒன்றாகி நடுவில் இருந்த நெட்டே மறையும், தனியாகத் தொங்கும் நெட்கள் நீக்கப்படும். ஸ்கீமேட்டிக்கோடு ஒப்பிட இது கட்டாயம் தேவை. ஆனால் ஃபிங்கர் எண்ணிக்கை, தொங்கும் நெட், ரெசிஸ்டர் துண்டுகளின் நடுப்புள்ளி போன்ற கேள்விகளை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். 'அலைன்' கொடுத்தால் ஸ்கீமேட்டிக்கில் இல்லாத சர்க்யூட்கள் கரைந்துவிடும். சர்க்யூட் பெயரை வைத்துத் தேடும் சோதனைகளும் அதற்கு முன்னால்தான் வர வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நெட், டிவைஸ் எல்லாம் நெட்லிஸ்ட்டுக்குச் சொந்தமானவை. பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்குள் டேட்டாபேஸைத் திறந்து நெட்டை மட்டும் வெளியே திருப்பிக் கொடுத்தால், டேட்டாபேஸ் போனதோடு நெட்டும் போய்விடும்; பொருள் அழிக்கப்பட்டுவிட்டது என்ற பிழைச் செய்தி வரும். மூல டேட்டாபேஸைக் கடைசி வரை ஒரு மாறியில் பிடித்து வைத்திருங்கள், அதுதான் தீர்வு. வேகமும் ஒரு பிரச்சினை. உள்ளே சி பிளஸ் பிளஸ் பறக்கும்; ஆனால் ஒவ்வொரு டெர்மினலையும் பைத்தான் வழியாகத் தொடும்போது பெரிய டிஜிட்டல் பிளாக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஸ்டாண்டர்ட் செல்களைக் கறுப்புப் பெட்டியாக வைத்துவிட்டு அனலாக் பகுதியில் மட்டும் நடப்பது எங்கள் வழக்கம். ஆவணங்கள் துல்லியமானவைதான். ஆனால் கிளாஸ் வாரியாக இருப்பதால், என்ன தேட வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கே அவை முழுதாக உதவும். தமிழில் இதற்கு ஒரு பாடத்தொடர் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒப்பீட்டு முடிவையும் ஸ்கிரிப்ட்டில் தொடலாம். கிராஸ் ரெஃபரன்ஸ் என்ற பொருள், லேஅவுட் பக்கத்து நெட்டைக் கொடுத்தால் ஸ்கீமேட்டிக் பக்கத்து இணையைத் தரும்; ஒவ்வொரு ஜோடிக்கும் பொருந்தியது, பொருந்தவில்லை, எச்சரிக்கையோடு பொருந்தியது என்று நிலை சொல்லும். அந்த மூன்றாவது நிலையைத் தனியாக வடிகட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். சமச்சீரான சர்க்யூட்டில் கருவி இரண்டு நெட்டில் எதை எதோடு சேர்ப்பது என்று தானே முடிவு எடுத்த இடங்கள் அங்கேதான் இருக்கும்.

0.27 பதிப்பிலிருந்து திரையில் இருக்கும் நெட்லிஸ்ட் பிரவுசரையும் ஸ்கிரிப்ட்டால் பிடிக்கலாம். யாராவது ஒரு நெட்டைக் கிளிக் செய்தால் அந்த நிகழ்வு நம் ஸ்கிரிப்ட்டுக்கு வரும். லேஅவுட் பக்கம், ஸ்கீமேட்டிக் பக்கம் இரண்டுக்கும் டாப் சர்க்யூட்டிலிருந்து இறங்கி வந்த பாதையோடு அந்தப் பொருள் கிடைக்கும். மாரத்தஹள்ளி ஆபீஸில் எங்கள் ரிவ்யூ இப்போது இப்படித்தான் நடக்கிறது: ஒருவர் நெட்டைக் கிளிக் செய்ய, பக்கத்துப் பேனலில் அந்த நெட் தொடும் கேட்களின் மொத்த டபிள்யூ, ஒவ்வொரு மெட்டலிலும் அதன் பரப்பு, வோல்டேஜ் வகை எல்லாம் உடனே வந்து நிற்கின்றன. பிரவுசரில் எதுவும் தேர்வாகாத நிலையில் பாதை காலியாக வரும் என்பதை மட்டும் ஸ்கிரிப்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்-அவுட் ஃபைல்களோடு எல்விஎஸ் டேட்டாபேஸையும் சேர்த்துச் சேமித்துவிடுங்கள். ஜிடிஎஸ்ஸையும் (லேஅவுட் ஃபைல்) ஸ்பைஸையும் மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழிப்பது பல இடங்களில் வழக்கம். சிப் ஃபவுண்ட்ரியிலிருந்து திரும்பி வந்து, பெஞ்சில் ஏதோ ஒரு பின்னில் எதிர்பாராத கரண்ட் தெரியும்போது, அந்த டேட்டாபேஸைத் திறந்து அந்தப் பின்னிலிருந்தே நடக்கத் தொடங்கலாம். எக்ஸ்ட்ராக்ஷனை (லேஅவுட்டிலிருந்து நெட்லிஸ்ட் எடுப்பதை) மறுபடி ஓட்டவே தேவையில்லை.