24 வோல்ட் வால்வு காயிலுக்கு பி6கேஇ36சிஏ: சாதா டயோடைத் தூக்கிப் போடலாம்

மசாலா பாக்கெட் லைனில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எடை குறைந்த பாக்கெட்டைக் காற்றடித்துத் தள்ள அங்கே ஒரு சாலினாய்டு வால்வு (காயிலில் கரன்ட் பாய்ந்தால் திறக்கும் வால்வு) உண்டு. லைன் வேகத்தைக் கூட்டினால், பின்னால் வரும் நல்ல பாக்கெட்டும் சேர்ந்து ரிஜெக்ட் பெட்டியில் விழும். வால்வையே மாற்றச் சொன்னார்கள். வால்வு மேல் குற்றமில்லை. காயிலுக்குக் குறுக்கே இருந்த 1என்4007 டயோடுதான் காரணம்.

ஆஃப் செய்யும்போது காயில் கிளப்பும் ஸ்பார்க்கை அந்த டயோடு நன்றாகவே அடக்கும். ஆனால் ஆஃப் ஆனதும் காயில் கரன்ட் அதன் வழியாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க டயோடின் 0.7 வோல்ட்டும் காயிலின் ரெசிஸ்டன்ஸும்தான். கரன்ட் மெல்ல வடியும், பிளன்ஜரும் (வால்வுக்குள் நகரும் இரும்புத் தண்டு) மெல்லத்தான் விடும்; காற்று தாமதமாக நின்று அடுத்த பாக்கெட்டிலும் படும். அதற்குப் பதில் பி6கேஇ36சிஏ என்ற டிவிஎஸ் டயோடு (குறித்த வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் கரன்ட்டை விடும் வகை) போட்டால் எதிர்த்து நிற்பது சுமார் 36 வோல்ட். கரன்ட் சட்டென்று இறங்கிவிடும். மாற்றியபிறகு அதே வேகத்தில் நல்ல பாக்கெட் விழவில்லை. சில ரூபாய்ப் பொருள் செய்த வேலை இது!

வாங்கும்போது கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 'சிஏ' என்றால் இருபக்கமும் வேலை செய்யும், எப்படி மாட்டினாலும் சரி. வெறும் 'ஏ' வாங்கினால், நேராக மாட்டும்போது பழைய டயோடு மாதிரியேதான் இருக்கும். திருப்பி மாட்டினால் சப்ளை ஷார்ட். உடம்பில் ஒரு ஓரமாகக் கோடு போட்டிருந்தால் அது ஒருபக்க வகை, நமக்கு வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் பார்த்தே வாங்குங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஆஃப் ஆகும் நொடியில் பிஎல்சியின் (லைனை இயக்கும் கன்ட்ரோலர்) டிரான்சிஸ்டர் அவுட்புட் மேல் சப்ளையின் 24-ம் டயோடின் 36-ம் சேர்ந்து சுமார் 60 வோல்ட் வரும். கார்டின் டேட்டாஷீட்டில் அது தாங்குமா என்று பார்க்காமல் போடாதீர்கள். சில கார்டுகளில் உள்ளேயே வோல்ட்டை மேலே போகவிடாமல் பிடிக்கும் கிளாம்ப் இருக்கும்; அது இதைவிடக் குறைந்த வோல்ட்டில் பிடித்துக்கொண்டால் இதற்கு வேலையே வராது. நடுவில் ரிலே இருந்தால் இந்தக் கவலை இல்லை, கான்டாக்ட்டின் டிசி ரேட்டிங்கை மட்டும் பார்த்தால் போதும்.

230 வோல்ட் ஏசி காயிலுக்கு இது ஆகாது, அதற்கு ஆர்சி ஸ்னபர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தது) போடுங்கள். அப்புறம், பேனலில் டெர்மினல் பக்கம் மாட்டாமல் காயில் கனெக்டருக்குள்ளேயே வைத்தால் நீள வயரில் வரும் இரைச்சலும் குறையும்.