ஹோமாலஜியை எதை வச்சு முடிவு பண்றது: இடமா, வம்சமா, ஜீனா?

பத்தாம் வகுப்புல அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்புன்னு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணதோட பலபேர் விட்டுட்டோம், ஆனா ஹோமாலஜி, அதாவது வேற வேற உயிர்ல இருக்குற ரெண்டு உறுப்பு அடிப்படைல 'ஒண்ணு'தான்னு எதை வச்சு சொல்றதுங்கறதுலயே மூணு கட்சி இருக்கு. உடம்புல ஒரே இடத்துல இருக்கான்னு பாக்குறது ஒண்ணு, ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்துச்சான்னு கேக்குறது இன்னொண்ணு, உருவாக்குற ஜீன் ஒண்ணான்னு தேடுறது மூணாவது. நீலகிரில இருக்கறவங்க முதல் ரெண்டையும் உள்ளூர் சரக்கை வச்சே உரசிப் பாக்கலாம்.

இடம் பாக்குற கட்சிக்கு இங்கிலாந்து உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன்தான் பெரிய தலை. ஹோமாலஜின்னா, உருவமும் வேலையும் எவ்வளவு மாறினாலும் வேற வேற விலங்குல இருக்குற அதே உறுப்புன்னு 1843லயே சொல்லிட்டாரு, டார்வின் புத்தகம் வர்றதுக்கு 16 வருஷம் முன்னாடி, அதனால மூதாதை பேச்சே அதுல கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, கைல ஒரு செடியை வச்சுக்கிட்டு நிக்கறப்ப இதை விட நல்ல வழி இல்ல. மண்டிக்கு வர்ற ஊட்டி உருளையும் கேரட்டும் ரெண்டுமே மண்ணுக்கடியில சத்து சேத்து வைக்குது, ஆனா உருளைல இருக்குற கண்ணெல்லாம் கணுவுல உக்காந்திருக்குற மொட்டு, அதனால அது தண்டு, கேரட்ல அந்த மாதிரி கணு கிடையாது, அது வேர். முள்ளும் அப்படித்தான், எலுமிச்சை முள்ளு இலைக் கக்கத்துல இருந்து வருது, அது கிளை, ஊசிக்களா முள்ளு இலை இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கு, அது இலை, ரோஜா முள்ளு மேல்தோல் பக்கத்துல இருந்து கிளம்புறது, அதான் பக்கவாட்டுல தள்ளினா டக்குனு உடைஞ்சு வந்துடுது.

இதுலயே அழகான கேஸ்னா பிளாக்வுட், அதான் ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டுவந்து வச்ச சீகை மர வகைல ஒண்ணு. பெரிய மரத்துல இலை மாதிரி தெரியறது இலையே இல்ல, தட்டையாப் போன இலைக்காம்பு. நம்பலைன்னா சின்னக் கன்னு ஒண்ணை பாருங்க, கீழ இறகு இறகா நிஜ இலை, கொஞ்சம் மேல காம்பு பட்டையாகி நுனில மட்டும் இறகு ஒட்டிட்டு இருக்கும், அதுக்கும் மேல வெறும் காம்புதான். எந்த லேபும் வேண்டாம்.

ஆனா இந்தக் கட்சி வரையாட்டுகிட்ட வந்து மாட்டிக்குது. நீலகிரி முக்குர்த்தில மேயுற நம்ம வரையாடு, இங்கிலீஷ்ல தார்னு (tahr) சொல்ற அதே மாதிரி மலை ஆடுங்களான இமயமலை தார், அரேபிய தார், மூணையும் உடம்பு வாகு, கட்டையான கொம்பு எல்லாம் பாத்து ரொம்ப காலமா ஒரே பேரினத்துல வச்சிருந்தாங்க, 2005ல டிஎன்ஏவை பாத்தா நம்மது செம்மறி பக்கம் நிக்குது, இமயமலைக்காரர் வெள்ளாட்டுப் பக்கம் நிக்குறாரு. கொம்பு எல்லாருக்கும் அதே இடத்துலதான் இருக்கு, அதனால இடத்தை பாத்து மட்டும் இதை கண்டுபிடிச்சிருக்க முடியாது. இன்னொண்ணு, கேள்வியை எந்த மட்டத்துல கேக்குறோம்னு சொல்லாம பதில் வராது: கொம்புங்கற அளவுல மூணும் ஹோமாலஜிதான், ஆனா 'தார் கொம்பு'ன்னு இவங்களுக்கு மட்டும் பொதுவான ஒரு பாட்டன் சொத்து கிடையாது. வவ்வால் சிறகும் பறவை சிறகும் இதே கதை, முன்னங்கால்னு பாத்தா ஆமா, சிறகுன்னு பாத்தா இல்ல.

அதனால உறவு பேசணும்னா என் ஓட்டு வம்சத்துக்குத்தான். 1870லயே லாங்கெஸ்டர்ங்கற விலங்கியல் அறிஞர் இதை தனியா பிரிச்சு, மூதாதைகிட்ட இருந்து வந்த ஒற்றுமை வேற, தனித்தனியா வந்து சேர்ந்த ஒற்றுமை வேறன்னு கறாரா சொல்லிட்டாரு. ஒரு வில்லங்கம் என்னன்னா வம்ச மரம் வரையணும்னா ஹோமாலஜி தெரியணும், ஹோமாலஜி சொல்லணும்னா மரம் வேணும், சுத்திச் சுத்தி வரும். காலின் பேட்டர்சன்ங்கற புதைபடிவ அறிஞர் 1982ல குடுத்த வழி என்னன்னா, ஒற்றுமையை முதல்ல வெறும் யூகமா மட்டும் வைங்க, மத்த பண்புகள் எல்லாம் காட்டுற மரத்தோட ஒத்துப்போகுதான்னு சோதிங்க, போகலைன்னா தூக்கிப் போடுங்க. எனக்கு இது நியாயமாத்தான் படுது.

ஜீன் கட்சிதான் இப்ப ரொம்ப சத்தம் போடுறது. 1995ல சுவிட்சர்லாந்து பாசல் ஊர்ல கெரிங்ங்கற விஞ்ஞானியோட ஆய்வுக்கூடத்துல, கண்ணு உருவாகத் தூண்டுற ஈயோட ஜீனை வேற இடத்துல வேலை செய்ய வச்சு ஈயோட கால்லயும் இறக்கைலயும் கண்ணு முளைக்க வச்சாங்க, அதுக்கு இணையான எலியோட பாக்ஸ்6 ஜீனைப் போட்டாலும் முளைச்சது, ஆனா வந்தது ஈக் கண்ணுதான், எலிக் கண்ணு இல்ல. ஜீன் பழசு, ரெண்டுக்கும் பொது, சரி, ஆனா ஈயோட கூட்டுக் கண்ணும் நம்ம கேமரா மாதிரி கண்ணும் முழுசா உருவான ஒரே கண்ணுல இருந்து பிரிஞ்சு வந்ததில்ல. ஜீன் ஒண்ணுங்கறதுக்காக உறுப்பும் ஒண்ணுன்னு கையெழுத்து போட நான் தயாரில்ல.