கெய்ரோ போறவங்க கவனத்துக்கு: "இலவச பாப்பிரஸ் விளக்கம்"னு கூட்டிட்டுப் போய் 35,020 ரூபாய் உருவிட்டாங்க

கெய்ரோவுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருக்கவங்க இதை முழுசாப் படிச்சிட்டுக் கிளம்புங்க. இன்னும் ஆத்திரம் அடங்கல. கிசா பிரமிட் பக்கத்துல பாப்பிரஸும் (பழங்கால எகிப்துல எழுதறதுக்கு ஒரு கோரைச் செடியில செஞ்ச தாள்) வாசனை எண்ணெயும் விக்கிற ஒரு கடை. 380 எகிப்து பவுண்டுன்னு பேசின சரக்குக்கு, கார்டுல 380 அமெரிக்க டாலர் எடுத்துட்டாங்க. வங்கியோட அந்நியச் செலாவணிக் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 35,020 ரூபாய். பேசின விலை நம்ம காசுக்கு எழுநூத்திச் சொச்சம்தான். கடை பேரையும் டூர் வித்த ஆப்போட பேரையும் போடல. அந்த ஒரு கடையைத் தவிர்த்தா போதும்னு யாரும் நினைச்சிடக் கூடாது. அந்தத் தெருவுல இதே மாதிரி கடைங்க வரிசையா இருக்கு.

ஆரம்பிக்கிறதே ஆப்ல வாங்குற ஒரு நாள் டூர்லதான். பிரமிட், ஸ்பிங்க்ஸ், புது கிராண்ட் அருங்காட்சியகம், ஏசி வண்டி, ஆங்கிலம் பேசுற கைடு. எல்லாம் பெரிய எழுத்துல இருக்கும். கடைசி வரியில பொடி எழுத்துல "பாப்பிரஸ் செய்முறை விளக்கம், இலவசம்". அதைக் கடைன்னு எங்கயும் போடல.

காலையில வண்டி நேரா பிரமிடுக்குப் போகல. "மெயின் கேட்டை மாத்திட்டாங்க, உள்ள பஸ்ஸுக்குப் பெரிய க்யூ, அரை மணி நேரம் கழிச்சுப் போனா சுலபம்"னு கைடு சொல்றார். இதுல பாதி உண்மை. 2025 ஏப்ரல்ல இருந்து ஃபயூம் ரோடு பக்கம் புது நுழைவாயில் வந்திருக்கு, உள்ள சுத்த பேட்டரி பஸ் விட்டிருக்காங்க. பழைய கேட்டை மனசுல வெச்சுப் படிச்சிட்டுப் போறவங்களுக்கு அவர் சொல்றது சரியாத்தான் தோணும். பாதி உண்மையை வெச்சுத்தான் வண்டியைக் கடைப் பக்கம் திருப்புறாங்க. காலையில கேட் திறந்த உடனே போறதுதான் கூட்டம் கம்மியான நேரம். அந்த நேரத்தைத்தான் கடை தின்னுடுது.

கடை வாசல்ல "மியூசியம்", "இன்ஸ்டிடியூட்"னு போர்டு. இதுக்கும் ஒரு பின்னணி இருக்கு. அழிஞ்சே போயிருந்த பாப்பிரஸ் தயாரிப்பை 1960கள்ல மறுபடி உயிர்ப்பிச்சவர் ஹசன் ரகப். கெய்ரோவுல பாப்பிரஸ் இன்ஸ்டிடியூட்னு நிஜமாவே ஒண்ணைத் தொடங்கி நடத்தினார். அந்தப் பேரை ஒட்டி இன்னிக்குக் கடைக்காரங்க எல்லாம் போர்டு மாட்டிக்கிறாங்க. அரசாங்கத்துக்கும் அந்தப் போர்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

உள்ள போனதும் செம்பருத்தி டீ, அவங்க கர்கதேன்னு சொல்றது, வந்துடும். "இந்தியாவா? அமிதாப் பச்சன்!"னு முகம் மலர்ந்து ஒரு வரவேற்பு. அது நடிப்புன்னு சொல்ல முடியாது, அங்க நிஜமாவே அவருக்கு அவ்வளவு ரசிகர்கள். அப்புறம் செய்முறை. முக்கோணத் தண்டை எடுத்து, பச்சைத் தோலை உரிச்சு, உள்ள இருக்கிற வெள்ளைச் சோறை மெல்லிசா நீளவாக்குல சீவுறாங்க. கட்டையால தட்டி உருட்டித் தண்ணியை வெளியேத்துறாங்க. பல நாள் ஊறின பட்டைகளைத் துணி மேல நீளவாக்குல ஒரு வரிசை, குறுக்குவாக்குல ஒரு வரிசையா அடுக்கி அழுத்தியில வைக்கிறாங்க. பசையே வேண்டாம், செடியோட சாறே ஒட்டிக்கும். இதுல ஒரு வார்த்தை பொய் இல்ல.

அடுத்து போலியைக் கண்டுபிடிக்க அவங்களே சொல்லித் தர்றாங்க. "வெளியில தெருவுல விக்கிறது வாழைப் பட்டை, கரும்புச் சக்கை. மடிச்சா வெடிக்கும். அசலைத் தண்ணியில நனைச்சுக் கசக்கினாலும் கிழியாது, வெளிச்சத்துல பிடிச்சா குறுக்கும் நெடுக்குமா நார் தெரியும்"னு ஒரு தாளை நம்ம கண் முன்னாடியே தொட்டியில முக்கிக் கசக்கிக் காட்டுறாங்க. நம்பிக்கை விழுற இடம் இதுதான். ஏமாத்துறவன் எங்கயாவது ஏமாத்துறதைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவானான்னு யாருக்குமே தோணும். ஆனா சோதனை செஞ்சு காட்டின தாள் வேற, சுருட்டி உறையில போட்டுத் தர்ற தாள் வேற. ஹோட்டல்ல பிரிச்சு விளக்கு முன்னாடி பிடிச்சப்போ குறுக்கு நாரே இல்ல, ஒரே திசையில கோடு. ஓரத்தை லேசா வளைச்சதும் படக்குனு விரிசல். "கையால வரைஞ்சது, ஓவியர் கையெழுத்து இருக்கு"ன்னு கொடுத்த ரெண்டு படத்துலயும் அனுபிஸ்ங்கிற நரித்தலைக் கடவுளோட கால் பக்கத்துல ஒரே இடத்துல, ஒரே அளவுல, மை வழிஞ்ச அதே துளி. அச்சு. கூடவே முத்திரை குத்தின "அசல் சான்றிதழ்" வேற.

வாசனை எண்ணெய் கதையும் இதேதான். முழங்கையில தேய்ச்சு, ஒரு சொட்டைத் தீக்கிட்ட காட்டி, "பாருங்க, பத்திக்கல, ஆல்கஹாலே இல்ல, சுத்தம்"ங்கிறாங்க. ஆல்கஹால் இல்லன்னு மட்டும்தான் அதுல தெரியும். மலிவான எண்ணெயில வாசனை கலந்திருந்தாலும் அதுவும் பத்திக்காது. எகிப்துல மல்லிகைச் சாறு எடுக்கிறது நிஜம், நைல் டெல்டாவுல கர்பியா மாகாணத்துல பெரிய அளவுல நடக்குது. உலகத்துக்கு மல்லிகைச் சாறு கொடுக்கிறதே முக்கியமா எகிப்தும் இந்தியாவும்தான். அங்க பறிக்கிறதும் நம்மூர்ல பிச்சி, ஜாதிமல்லின்னு சொல்ற இனம்தான். ஒரு டன் பூவுல கிலோ கணக்குலதான் சாறு தேறும், ஒரு கிலோ ஆயிரக்கணக்கான டாலர். அப்படிப்பட்ட பொருளை "சுத்தமானது, பத்து மில்லி, உங்களுக்காக இந்த விலை"ன்னு தட்டுல அடுக்கி வெச்சாங்கன்னா அது சுத்தமா இருக்க வழியே இல்ல.

இப்போ விலை. சின்ன பாப்பிரஸ் ரெண்டு, பத்து மில்லி பாட்டில் மூணு. கால்குலேட்டர்ல 380. எந்தக் காசுன்னு நேரடியாவே கேட்டாச்சு. "ஈஜிப்ஷியன் பவுண்ட், மை ஃப்ரெண்ட்"னு பதில் வந்துச்சு. விலைச் சீட்டுல எண் மட்டும்தான், பவுண்டுன்னோ டாலர்னோ எந்தக் குறியும் இல்ல. 2024 மார்ச்ல பவுண்டு மதிப்பை இறக்கி விட்டதுல, டாலருக்கு முப்பது சொச்சமா இருந்தது ஐம்பதுகிட்ட போயிடுச்சு. அதனால டூரிஸ்ட் கடைக்காரங்க மனசுக்குள்ள கணக்குப் போடுறதெல்லாம் டாலர்ல. அதே 380ஐப் பவுண்டுக்குப் பதிலா டாலர்ல தட்டினா கிட்டத்தட்ட 47 மடங்கு.

ரொக்கம் நீட்டினா "இங்க கார்டு மட்டும்தான், பிரமிட்லயும் அப்படித்தானே"ங்கிறாங்க. பிரமிட்ல அப்படித்தான், உண்மை. 700 பவுண்டு நுழைவுச் சீட்டை டிக்கெட் கவுண்டர்ல ரொக்கத்துக்குத் தர மாட்டாங்க, கார்டு வேணும். அதனால அன்னிக்கு எல்லார் பையிலயும் கார்டு தயாரா இருக்கும், அது கடைக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். கார்டு மெஷினைக் கடைக்காரரே பிடிச்சிருந்தார். திரையோட மேல் வரி மேல கட்டை விரல், கீழ பின் நம்பர் போடுற கட்டம் மட்டும் தெரியுது. நடுவுல 380ங்கிற எண். கரன்சி எழுத்து இருக்கிற இடம் அந்த விரலுக்கு அடியில. பின் போட்டதும் ஒரே ஒரு சீட்டு வந்துச்சு, அதை அவர் கிழிச்சுக் கல்லாவுல போட்டுட்டார். நம்ம பிரதி கேட்டா "பேப்பர் தீந்துபோச்சு". வெளிநாட்டு மெஷின்ல ஓடிபியும் கேட்காது. வங்கி மெசேஜ் வந்தப்போ வண்டி பிரமிட் கேட்டுக்கிட்ட நின்னுட்டிருந்துச்சு. 35,020 ரூபாய்.

இருபது நிமிஷத்துல திரும்பிப் போயாச்சு. அதுக்கப்புறம் கிடைச்ச பதில்களை வரிசையா எழுதறேன், ஏன்னா உங்களுக்கும் இதே வரிசையிலதான் வரும். விலை பேசினவர் "தொழுகைக்குப் போயிருக்கார்". இன்னொருத்தர் "மெஷின் பேங்க்குது, பேங்க்ல கேளுங்க". அவருக்கும் மேல ஒருத்தர் வந்து "பணம் திரும்பக் கிடையாது, வேணும்னா இன்னும் நாலு பாட்டில் எடுத்துக்கோங்க". பவுண்டுன்னு சொன்னதையே மறுத்துட்டாங்க. கைடு கிட்ட சாட்சி சொல்லுங்கன்னா, "நான் வாசல்லதானே நின்னேன், வாங்கினது உங்க விருப்பம்". இந்தக் கடைகள்ல கைடுக்கும் டிரைவருக்கும் கமிஷன் போகுது, அது அங்க ஊரறிஞ்ச விஷயம். ஒரு குடும்பத்தோட 35,020 ரூபாயில தனக்கும் பங்கு வர்ற ஆள் எப்படி வாயைத் திறப்பார்?

ஆப்ல புகார் போட்டா முதல்ல தானா பதில் சொல்ற சாட்பாட். அப்புறம் "48 மணி நேரத்துல பதில்". வந்த பதில்: கடை நிறுத்தம் விருப்பத் தேர்வு, மூன்றாம் தரப்பு விற்பனைக்கு நாங்க பொறுப்பில்ல, வருத்தத்துக்காக அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன். கார்டு வங்கியில, "பின் போட்டிருக்கீங்க சார், மோசடியில வராது, கடைக்காரரைத் தொடர்பு கொள்ளுங்க". ஒருத்தர் கூட "பேசின விலை என்ன"ன்னு கேட்கல.

வங்கியில இந்த இடத்துல விட்டுடாதீங்க. மோசடின்னு பதிஞ்சா பின் நம்பரைக் காட்டி மூடிடுவாங்க. கார்டு நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு மாதிரி) விதிகள்ல "தவறான கரன்சி"ன்னு தனி வகையே இருக்கு, அதுல பதியச் சொல்லுங்க. விசா கார்டுன்னா 120 நாள் அவகாசம். விலைச் சீட்டு, கால்குலேட்டர், சரக்கு எல்லாத்தோட போட்டோவும், பரிவர்த்தனை சீட்டோட நகலைக் கடையோட வங்கியில இருந்து வரவழைக்கச் சொல்லி எழுத்துல ஒரு கோரிக்கையும் சேர்த்துக் கொடுங்க. 30 நாள்ல தீரலன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட இலவசமா புகார் போடலாம். எங்க புகார் இன்னும் நிலுவையிலதான் இருக்கு.

விரிவா எழுதணும்னு நினைச்சேன், இப்போதைக்கு அவசரமா இவ்வளவுதான். டூர் வாங்கறதுக்கு முன்னாடியே "கடை நிறுத்தம் வேண்டாம்"னு ஆப் சாட்ல எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. மெஷினை உங்க கையில வாங்கி, கரன்சி எழுத்தைப் படிச்ச பிறகுதான் பின் போடணும், தராட்டி சரக்கை வெச்சிட்டு எழுந்துடுங்க. பயணத்துக்குத் தனி கார்டு, வரம்பை வங்கி ஆப்ல குறைச்சு வைங்க. கெய்ரோ நடுவுல பழைய மியூசியம் இருக்கிற தஹ்ரீர் சதுக்கத்துல "மியூசியம் மூடியிருக்கு, எல்லாத்தையும் புது இடத்துக்கு மாத்திட்டாங்க"ன்னு யாராவது சொன்னா நேரா கேட்டுக்கே போய்ப் பாருங்க, பழைய மியூசியம் திறந்துதான் இருக்கு. ஒட்டகத்துல ஏறினா, இறங்குறதுக்கும் சேர்த்துத்தான் அந்த விலையான்னு ஏறுறதுக்கு முன்னாடியே கேளுங்க. டாக்சியில 50 பவுண்டு நோட்டு கொடுத்தா சத்தமா சொல்லிக் கொடுங்க, 50 பியாஸ்டர் (அரை பவுண்டு) நோட்டைக் காட்டி "இதைத்தான் கொடுத்தே"ம்பாங்க. டூரிஸ்ட் போலீஸ் 126, நுகர்வோர் பாதுகாப்பு 19588. கடைக்குள்ள நிக்கும்போதே போன் போடுங்க, வெளியில வந்துட்டா யாரும் உங்களைப் பார்த்ததாவே ஒத்துக்க மாட்டாங்க.