மாடித் தோட்டத்துக்கு ராக் பாஸ்பேட்: ஒன்றரை வருடம் போட்டுப் பார்த்ததில்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் முப்பது செடிப் பை இருக்கும். போன வருடம் ஆடிப் பட்டத்தில் தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகிப் பூவே வரவில்லை. விதைக்கடையில் சொன்னதும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று ஐந்து கிலோ ராக் பாஸ்பேட்டை எடுத்துக் கொடுத்து, பதினைந்தே நாளில் பூத்துக் கொட்டும் என்றார்கள். கடைசி வரை கொட்டவில்லை.

உரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அப்படிச் சொல்லி விற்றதுதான் தப்பு. இது பாறையை அரைத்த மாவு, தண்ணீரில் கரையாது, புளிப்பான மண்ணில்தான் மெல்லக் கரையும். நீலகிரி, வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் இதைப் போடுகிறார்கள் என்றால் அங்கே மண் அப்படி. நம் வீட்டு போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பையின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது, பி.எச். தாளில் தொட்டால் எட்டுக்குப் பக்கத்தில், அதாவது புளிப்புக்கு நேர்மாறாகக் காரமாகக் காட்டுகிறது, அதில் இது எங்கே கரையும்? போதாததற்கு நான் மேலாகத் தூவிவிட்டேன். மணிச்சத்து யூரியா மாதிரி தண்ணீரோடு இறங்கி வேருக்குப் போகாது, போட்ட இடத்திலேயே கிடக்கும். தை மாதம் பையைக் கவிழ்த்தபோது அந்தச் சாம்பல் தூள் ஒரு விரல்கடை ஆழத்தில் தட்டையாக அப்படியே ஒட்டியிருந்தது.

பாக்கெட்டில் மணிச்சத்து 18 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது மொத்த அளவு. இன்னொரு மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டில் 16தான், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும்.

சரி, மீதி மூன்று கிலோவை என்ன செய்வது? சமையல் கழிவு போடுகிற டிரம்மில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கைப்பிடி தூவி, மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிற நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியாவும் கொஞ்சம் கலந்து மூன்று மாதம் விட்டேன். மட்கும்போது வருகிற அமிலம் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். அந்த உரத்தைப் பையின் நடுவில், வேர் இறங்குகிற இடத்தில் கலந்து கத்தரி நட்டேன். முதல் மாதம் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் கவாத்து செய்த பிறகு வந்த இரண்டாவது காய்ப்பு, சும்மா மண்கலவையில் வைத்த நாலு செடியைவிட நன்றாகவே இருந்தது. மெல்லிய வேர்கள் பை முழுக்கப் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

எலுமிச்சை, முருங்கை, கோவைக்காய் என்று வருடக்கணக்கில் நிற்கிற செடிக்கு, இப்படி மட்க வைத்துப் போடுவதானால் தாராளமாக வாங்கலாம். கீரைக்கும் மூன்று மாதத் தக்காளிக்கும் வேண்டவே வேண்டாம். அப்புறம், பாக்கெட்டைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், கடல் காற்று அடிக்கிற சாயங்காலத்தில் பிரிக்கவே கூடாது, அவ்வளவு நைசான தூள்.