பித்தப்பைச் சுவருக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது? இன்டர்லூக்கின் 1, 6, 8

அறுவை சிகிச்சையில் எடுத்த பித்தப்பை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வந்தால், பெரும்பாலும் ஒரே வரியில் அறிக்கை முடிந்துவிடும்: ‘பித்தக்கற்களுடன் நாள்பட்ட பித்தப்பை அழற்சி.’ அந்த அழற்சியைத் தூண்டியது எது, வளர்த்தது எது என்பதற்கு அந்த வரியில் இடமில்லை. தூண்டுவதும் வளர்ப்பதும் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்கள். இன்டர்லூக்கின்-1, 6, 8, டி.என்.எஃப்.-ஆல்ஃபா ஆகியவை பித்தப்பை ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. இவற்றுள் பித்தப்பை நோயை நன்றாக விளக்குவது இன்டர்லூக்கின்-1 என்பது என் கருத்து.

பித்தப்பையின் அன்றாட வேலை உறிஞ்சுவது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரிலிருந்து உப்பையும் நீரையும் இழுத்துக்கொண்டு, அதை 5 முதல் 10 மடங்கு வரை அடர்த்தியாக்குகிறது. கல் ஒன்று பித்தப்பையின் கழுத்தில் சிக்கி வழியை அடைத்துவிட்டால், தேங்கிய பித்தநீரில் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருள் சிதைந்து லைசோலெசித்தினாகிறது. அது உட்படலத்தை அரிக்கிறது. புண்பட்ட அந்த இடத்தில் இன்டர்லூக்கின்-1 சுரக்கிறது. கினிப்பன்றிகளின் பித்தப்பையில் இந்தப் புரதத்தைச் செலுத்திப் பார்த்த சோதனைகளில், அதுவரை நீரை உறிஞ்சிவந்த உட்படலம் நீரைச் சுரக்கத் தொடங்கியது. வாசல் அடைபட்ட பைக்குள் நீர் ஊறினால் என்ன ஆகும்? பை உப்புகிறது, சுவர் விறைக்கிறது, அதற்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது, வலி கூடுகிறது. இந்தச் சங்கிலியில், வலியையும் அழற்சியையும் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பித்தக்கல் வலி டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணிக்கு நன்றாகக் கேட்பது ஏன் என்பது இங்கே விளங்கிவிடுகிறது: அந்த மருந்து புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. நோயாளியின் வலியையும் அதைத் தணிக்கும் மருந்தையும் ஒரே இழையில் கோக்கும் இந்த விளக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். டி.என்.எஃப்.-ஆல்ஃபா பெரும்பாலும் இன்டர்லூக்கின்-1 உடன் கைகோத்து வருவதால் அதைத் தனியாக எடைபோடத் தேவையில்லை.

இன்டர்லூக்கின்-8 செய்வது ஆள் சேர்க்கும் வேலை. நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களை ரத்தக் குழாயிலிருந்து திசுவுக்குள் இழுக்கிறது. காய்ச்சலும் கடும் வலியுமாகத் திடீரென்று தாக்கும் அழற்சியில் இதன் கை ஓங்கியிருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கல்லோடு வாழ்ந்தவரின் பித்தப்பைச் சுவரில் நுண்ணோக்கி காட்டுவது பெரும்பாலும் வேறு வகை நோயெதிர்ப்பு செல்களான லிம்ஃபோசைட்டுகளையும் பிளாஸ்மா செல்களையும் மேக்ரோபேஜ்களையும்தான். அங்கே இன்டர்லூக்கின்-8 சொல்வது பாதிக் கதை.

மீதிக் கதை இன்டர்லூக்கின்-6 இடம் இருக்கிறது. ஒசாகாவில் கிஷிமோட்டோவின் குழு 1986இல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, பி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்களை எதிர்ப்பொருள் சுரக்கத் தூண்டும் காரணியாகவே இதை அறிந்திருந்தது. நாள்பட்ட அழற்சியில், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் குவிந்திருப்பதோடு இது பொருந்துகிறது. மருத்துவருக்கு இதனால் இன்னொரு பெரிய பயனும் உண்டு. மற்றவை பெரிதும் திசுவுக்குள்ளேயே வேலை பார்க்க, இது ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போய், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைச் சுரக்கவைக்கிறது. திடீர்ப் பித்தப்பை அழற்சியைக் கண்டறியும் 2018ஆம் ஆண்டு டோக்கியோ வழிகாட்டுதல்களில், டெசிலிட்டருக்கு 3 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட சி.ஆர்.பி. ஓர் அடையாளமாக இடம்பெறுகிறது. நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும் என்பதால், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கும் ஸ்கேனுக்கும் அது மாற்றாகாது. நோயாளியின் படுக்கையருகே எது பயன்படும் என்று கேட்டால், தயங்காமல் இன்டர்லூக்கின்-6 பக்கம் போவேன்.

நான் முன்னிறுத்தும் இன்டர்லூக்கின்-1க்கு ஒரு பலவீனம் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. அதன் பீட்டா வகை முதலில் செயலற்ற முன்வடிவமாகத்தான் உருவாகிறது. காஸ்பேஸ்-1 என்னும் நொதி வெட்டிய பிறகே அது வேலை செய்யும். எதிர்ப்பொருள் கொண்டு திசுவைச் சாயமேற்றும்போது, அந்த எதிர்ப்பொருள் இரண்டு வடிவங்களிலும் ஒட்டக்கூடியதாக இருந்தால், பழுப்பு நிறம் அடர்த்தியாகத் தெரிவதை மட்டும் வைத்து அங்கே அழற்சி அவ்வளவு கடுமை என்று சொல்லிவிட முடியாது. திசுவை அரைத்து, எலைசா என்னும் ஆய்வக முறையில் புரதத்தை அளந்தால் அளவு கிடைக்கிறது, இடம் தொலைந்துபோகிறது: உட்படலத்தில் இருந்ததா, தசையில் இருந்ததா என்று தெரியாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் சாயமேற்றுவதையே கேட்பேன். உட்படல செல்லே புரதத்தைச் சுரக்கிறதா, வந்து சேர்ந்த மேக்ரோபேஜ் சுரக்கிறதா என்பதை அது காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒப்பிட எடுக்கும் ‘நல்ல’ பித்தப்பை. நோயில்லாத பித்தப்பையை யாரும் சும்மா வெட்டி எடுப்பதில்லை. உறுப்புக் கொடையாளர்களிடமிருந்தோ, கல்லீரல், கணைய அறுவை சிகிச்சைகளின்போதோ, பிரேதப் பரிசோதனையிலோதான் அது கிடைக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் உடலிலும் சைட்டோகைன்கள் ஏறியிருக்கும். கணையக் கட்டிக்காக வயிற்றைத் திறந்தவருக்கு அடைப்பினால் பித்தநீர் ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். அதனால் இப்படிப்பட்ட ஆய்வு எதைக் கையில் எடுத்தாலும், அட்டவணையில் உள்ள எண்களுக்குப் போகும் முன், ஒப்பீட்டுத் திசு யாரிடமிருந்து வந்தது என்ற பத்தியைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன்.